ஆரோக்கியமானவர், எண் ஏழு

தண்ணீர் பாட்டிலின் மூடி திறக்க வரவில்லை. மூடி திருகுவதெல்லாம் இப்போது பெரிய உத்தியோகம். பக்கத்து நாற்காலியில் இருந்த பொள்ளாச்சிக்கார அம்மாள், தன் வீட்டுக்காரரின் நடுங்குகிற கையை ஒரு கையால் பிடித்துக்கொண்டே மறு கையால் வாங்கி, மடியில் இடுக்கி, திறந்து கொடுத்தாள். கிருஷ்ணவேணி டீச்சர் ஒரு வாய் குடித்துவிட்டு நிமிர்ந்தபோதுதான் அரங்கத்தின் ஒலிபெருக்கிகளில் டக் டக் டக் என்று அந்தச் சத்தம் வந்தது. மேடையில் நின்றுகொண்டிருந்தவர் வேணியின் வீட்டுக்காரர். டாக்டர் சென்னியப்பன் என்று வாசலில் பேனர் கட்டியிருந்தார்கள். ஊசி போடுகிற டாக்டர் இல்லை, கணினிக்குள் மூளை கட்டுகிற டாக்டர். பார்க்கின்சன் நோய் தினத்தை ஒட்டிப் பொதுமக்களுக்குத் தமிழில் ஒரு பேச்சு என்று கோயமுத்தூரில் ஒரு கல்லூரி ஏற்பாடு செய்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை, காபியும் உண்டு என்பதால் கூட்டம் மோசமில்லை. நடுங்குகிறவர்கள் முன்வரிசையில், அவர்களைக் கூட்டிவந்தவர்கள் பக்கத்தில், டாக்டர்களும் மாணவர்களும் பின்னால். இவ்வளவு நேரம் எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. மூளையின் நடுவில் கருப்பாக ஒரு சின்னப் பட்டை, அங்கிருந்து டோபமைன் வருகிறது, அது குறையக் குறைய உள்ளே இருக்கிற நரம்புச் சுற்றில் முடுக்குகிற வழி சோர்ந்து தடுக்கிற வழி ஓங்கிவிடுகிறது. "ஹேண்ட் பிரேக்கை எடுக்காம வண்டி ஓட்டற மாதிரிங்க. எத்தன மிதிச்சாலும் வண்டி நவுராது," என்று அவர் சொன்னதும் முன்வரிசைத் தலைகள் ஆமாம் ஆமாம் என்று ஆடின. அதில் சில தலைகள் சொல்லாவிட்டாலும் ஆடுகிறவைதான். அந்தச் சுற்றை அப்படியே கணினியில் கட்டி வைத்திருக்கிறோம், ஆயிரக்கணக்கான செல்கள், எல்லாம் வெறும் கணக்கு, டோபமைனுக்கு ஒரு திருகு, அதைக் குறைத்தால் திரையில் இருக்கிற விரல் தடுமாறும், ஒரு மனுசர் விரலால் தட்டுவதை அதோடு ஒப்பிட்டால் அவர் மண்டைக்குள் திருகு எந்த அளவில் நிற்கிறது என்று பின்னோக்கிக் கண்டுபிடித்துவிடலாம். வேணிக்கு இதெல்லாம் தலைகீழ்ப் பாடம். வீட்டில் சோற்றோடு பிசைந்து இதைத்தானே தின்கிறாள். "இப்ப ஒருத்தர் தட்டறதைக் கேளுங்க. இவரு நோயாளி இல்லீங்க, ஆரோக்கியமானவரு. எண் ஏழு. பேரு எங்களுக்கே தெரியாது, விதி அப்படி." டக் டக் டக் டக். பத்துத் தட்டு, சின்னதாக ஒரு நிறுத்தம். மறுபடி பத்து, மறுபடி நிறுத்தம். தன்னுடைய உதடு தானாக அசைந்துகொண்டிருப்பதை அவள் கொஞ்சம் கழித்துத்தான் கவனித்தாள். பதிமூணு, இருபத்தாறு, முப்பத்தொன்பது, அம்பத்திரண்டு. பத்தாவது தட்டில் நூத்திமுப்பது, அங்கே மூச்சு வாங்கி மறுபடி பதிமூணு. சத்தமும் உதடும் ஒரே நேரத்தில் நூத்திமுப்பதுக்கு வந்து ஒரே நேரத்தில் நின்றன.

இந்த ஆராய்ச்சிக்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு, அதை வெளியில் சொல்லிக்கொள்ள மாட்டார்கள். நோயாளிகளை ஆஸ்பத்திரிக்குப் போனால் பிடித்துவிடலாம். ஆனால் நோயாளியோடு ஒப்பிட்டுப் பார்க்க ஆரோக்கியமானவர்கள் வேண்டுமே, அதுவும் ஐம்பதைத் தொட்டவர்கள். வேலைவெட்டியை விட்டுவிட்டு வந்து, கீபோர்டில் இரண்டு கட்டையை மாற்றி மாற்றித் தட்டிவிட்டுப் போக எந்த ஆரோக்கியமானவன் வருவான்? ஆகையால் பேராசிரியர்கள் அவரவர் பெண்டாட்டியைக் கூட்டி வந்துவிடுவார்கள். பிசிக்ஸ் சுந்தரேசன் சம்சாரம், ஹாஸ்டல் வார்டன் வீட்டம்மா, லைப்ரரியன் மனைவி, இவள், இன்னும் ஒரு ஏழு பேர். வெளிநாட்டுப் பத்திரிகைகளில் ஆரோக்கியமான மனித குலம் என்று அச்சாகிற கூட்டம் உண்மையில் காலேஜ் குவார்ட்டர்ஸ் மாதர் சங்கம்தான். ஆறு மாசத்துக்கொரு முறை போவார்கள், தட்டுவார்கள், கேன்டீனில் வடை சாப்பிட்டுவிட்டு, மருமகள்களைப் பற்றிப் பேசிவிட்டு வருவார்கள். வேணிக்கு அந்த நாள் பிடிக்கும். வீட்டில் ஒரு டம்ளரை நகர்த்தி வைக்காத மனுசர் அங்கே அவளுக்காக நாற்காலியை இழுத்துப் போடுவார், கீபோர்டைத் தன் கைக்குட்டையால் துடைப்பார். அவளுக்கு வெறுமனே தட்ட வராது, மனசுக்குள் வாய்ப்பாடு ஓட வேண்டும், அதுவும் பதிமூணாம் வாய்ப்பாடு. பிள்ளைகள் எல்லோரும் தடுக்கி விழுகிற வாய்ப்பாடு அது, ஆனால் அவளுக்கு அதில்தான் நடை வரும். "வாய்ப்பாடு சொல்லாத கண்ணு, பத்துக்கொருக்கா நிக்கறே, டேட்டா கெடுது," என்பார். "அது ஓடலைன்னா எனக்குக் கை ஓடாதுங்க," என்பாள். "சரி, சொல்லித் தொலை," என்று சிரிப்பார். கேட்டுக்கொண்டிருந்த மாணவர்களும் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்புக்குள் ஒரு செல்லம் இருக்கும். அந்தச் செல்லத்துக்காகவே இவள் இன்னொரு தடவை நிறுத்துவாள். பதிமூணு, இருபத்தாறு. உலகத்தில் வேறு யாராவது பதிமூணாம் வாய்ப்பாட்டில் தட்டுவார்களா என்ன. தட்டலாம். யாரோ ஒருத்தர் பத்துக்கொரு முறை மூச்சு வாங்குகிறவராக இருக்கலாம். வார்டன் வீட்டம்மாவுக்கு ஆஸ்துமா உண்டு. ஆஸ்துமாக்காரி விரலால் மூச்சு வாங்குவாளா வேணி, உனக்கே இது நல்லாயிருக்கா.

சத்தம் நின்று திரையில் கிராஃப் வந்தது. கணக்கு டீச்சரை முன்வரிசையில் உட்காரவைத்துவிட்டு கிராஃப் போடுகிற புருஷனை என்னவென்று சொல்வது. சாம்பல் நிறத்தில் அகலமாக ஒரு பட்டை, அதுதான் ஆரோக்கியமானவர்கள் உலாவுகிற இடம். அதற்குள் எண் ஏழின் புள்ளிகள், ஆறு மாசத்துக்கொன்று. ஒன்று, இரண்டு, மூன்று ஒழுங்காக வந்து, நாலாவது புள்ளி பட்டையை விட்டுக் கீழே இறங்கியிருந்தது. அடுத்தது அதற்கும் கீழே, அதற்கடுத்தது இன்னும் கீழே. நாலாவது புள்ளிக்கு அடியில் ஆகஸ்ட் என்று போட்டிருந்தது, வருஷமும் போட்டிருந்தது. "இந்த எடத்துல மாடல் மணி அடிச்சிருச்சுங்க," என்றார் சென்னியப்பன். "ஆளைப் பார்த்தா ஒண்ணுமே தெரியாது. நடுக்கம் கிடையாது. நல்லா நடக்கறாங்க, சமைக்கறாங்க, வேலைக்குப் போறாங்க. ஆனா மாடல் சொல்லுது, இந்தம்மாவுக்கு டோபமைன் பாதிக்குக் கீழ போயாச்சு, இது அதேதான்னு. ரெண்டு வருசம் கழிச்சு ஆஸ்பத்திரில அதேதான்னு உறுதியாச்சுங்க." கைதட்டினார்கள். பொள்ளாச்சி அம்மாள் வீட்டுக்காரரின் கையை விட்டுவிட்டுத் தட்டினாள், அந்தக் கை இதுதான் சமயமென்று தானும் தன் பாட்டுக்கு ஆடியது. இந்தம்மா. பேர் தெரியாதவருக்கு அவர் அம்மா என்பது மட்டும் தெரிந்திருக்கிறது. வேணி தட்டப் போகிற பதினோரு பேரையும் ஒவ்வொருவராக மனசுக்குள் நிறுத்திப் பார்த்தாள். சுந்தரேசன் சம்சாரம் போன வாரம்கூட டென்னிஸ் மட்டையோடு எதிரே வந்தாள். லைப்ரரியன் மனைவி மகள் வீட்டுக்கு அமெரிக்கா போய்ப் பனியில் சறுக்குகிற படம் அனுப்புகிறாள். வார்டன் வீட்டம்மா, ஆஸ்துமா. யாருக்கும் இல்லை. மாதர் சங்கத்தில் இந்த நோய் வந்தவள் ஒருத்திதான், அந்த ஒருத்தியின் மடியில் தண்ணீர் பாட்டில் சாய்ந்து புடவை நனைந்துகொண்டிருக்கிறது. எடுத்து நிமிர்த்த வேண்டும் என்று தோன்றியது, கைக்குச் சொன்னாள், கை பிறகு பார்க்கலாம் என்றது. குளிர்ச்சி தொடைக்கு இறங்கியது. ஆகஸ்ட். நாலாவது புள்ளி. அந்த ஆகஸ்டில் அவருக்குத் தெரியுமா. இல்லை, இரு, அவசரப்படாதே, பிள்ளைகளுக்கு என்ன சொல்லிக்கொடுத்தாய், கேள்வியை முழுசாகப் படி. அந்தப் புள்ளி ஆகஸ்டில் தட்டியதிலிருந்து வந்தது, சரி. அதைப் புள்ளியாகப் போட்டது எப்போது? எல்லாம் ஆன பிறகு, டாக்டர் சொல்லி, மாத்திரை ஆரம்பித்து, அதற்கப்புறம் பழைய பதிவுகளை எடுத்து மாடலுக்குள் ஓட்டிப் பார்த்திருக்கலாம் இல்லையா. அடடா, அப்போதே இருந்திருக்கிறதே என்று இவரும் அப்புறம்தான் திடுக்கிட்டிருக்கலாம். அப்படித்தான் இருக்கும். அப்படித்தான் இருக்க வேண்டும்.

நாங்க கவனிக்கலைங்க டாக்டர் என்றாரே. டாக்டர் வரதராஜுலு அவள் மணிக்கட்டைப் பிடித்து முன்னும் பின்னும் அசைத்துப் பார்த்துவிட்டு, கையைத் திறந்து மூடச் சொல்லிவிட்டு, கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "கொஞ்சம் முன்னாடியே வந்திருக்கலாமேம்மா. இத்தன நாள் சிரமப்பட்டிருக்க வேண்டாம். மாத்திரையிலேயே பாதிச் சிரமம் போயிருக்குமே," என்றபோது, வேணி வாயைத் திறக்கும் முன்னால் பக்கத்து நாற்காலியிலிருந்து இவர்தான் சொன்னார். நாங்க கவனிக்கலைங்க. அந்த 'நாங்க' அவளுக்கு அன்றைக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது. தப்பில் பாதியைத் தன் தோளில் ஏற்றிக்கொள்கிற புருஷன் எத்தனை பேருக்கு வாய்க்கும் என்று ஆட்டோவில் வரும்போது நினைத்து நினைத்து உருகினாளே. கவனிக்கலை. கவனிக்காமல் விட்டதற்கு இவளிடம் என்னவெல்லாம் இருந்தது. கரும்பலகையில் எழுத்து சிறுத்துப்போனது. கணக்கு இடது ஓரத்தில் யானை மாதிரி தொடங்கி வலது ஓரத்துக்குப் போகும்போது எறும்பாகிவிடும். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு தடிப்பயல், "டீச்சர், விடை எறும்புக்கா எழுதறீங்க?" என்றான். வகுப்பு கொல்லென்று சிரித்தது, இவளும் சிரித்தாள், ஸ்டாஃப் ரூமுக்கு வந்து அழுதாள். பத்தாம் வகுப்பை எடுத்துவிட்டு ஆறாம் வகுப்பைக் கொடுத்தார்கள், அப்புறம் அதையும் எடுத்துவிட்டு லைப்ரரி பீரியட். "உனக்கு ஈடுபாடு கொறஞ்சிருச்சு கிருஷ்ணவேணி," என்று ஹெட்மிஸ்ட்ரஸ் நேராகவே சொன்னாள். ஈடுபாடு! முப்பது வருஷம் சாக்பீஸ் தூளைத் தின்றவளுக்கு ஈடுபாடு இல்லையாம். வீட்டுக்கு வந்து இவரிடம்தான் கொட்டினாள். இவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, கண்ணுதான் கோளாறா இருக்கும் வேணி என்று மறுநாளே கண்ணாடிக் கடைக்குக் கூட்டிப் போனார். கடைக்காரன் காட்டிய ஃபிரேம்களில் எது அவள் முகத்துக்கு எடுக்கும் என்று ஒவ்வொன்றாக மாட்டிப் பார்த்து, "இது, இதுதான் டீச்சருக்கு லட்சணம்," என்றார். அது அந்த ஆகஸ்டுக்கு முன்னாலா பின்னாலா? பின்னால். தீபாவளிக்குப் பலகாரம் சுட்ட அடுப்பின் ஆவி அந்தப் புதுக் கண்ணாடியில்தான் படிந்தது. அப்படியானால், தெரிந்தேவா? கண் இல்லை என்று தெரிந்தே ஃபிரேம் தேர்ந்தெடுத்தாரா? தெரியாமல் செய்திருந்தால் அவரைப்போல நல்லவர் இல்லை. தெரிந்து செய்திருந்தால், ஐயோ, அந்தக் கண்ணாடியைத்தானே இப்போதும் போட்டுக்கொண்டிருக்கிறாள், அதன் வழியாகத்தானே இவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

சென்னியப்பன் அடுத்த படத்துக்குப் போய்விட்டார். திரையில் பச்சைக் கோடுகளும் சிவப்புக் கோடுகளும் மின்னின, சிவப்பு தடித்துக்கொண்டே வந்தது, அவர் குரல் எங்கேயோ கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. தோள்பட்டை. தோள்பட்டையை மறந்துவிட்டாளே. வலது தோள் கல்லாக இறுகி, ஜாக்கெட் போடக் கை தூக்க முடியாமல் போனபோது, ராத்திரி ராத்திரி நல்லெண்ணெயைச் சூடுபண்ணித் தேய்த்துவிட்டது யார்? கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் அவளைத் தொட்டதிலேயே அதுதான் அதிக நேரம் என்று அவளே வெட்கத்தோடு நினைத்துக்கொள்வாள். வலிக்குதா, இங்கயா, இப்படித் திருப்பினா எப்படி இருக்குது, விட்டு விட்டு இறுகுதா ஒரேயடியா இறுகுதா. புருஷன் கேட்கிற கேள்வியா அது. அக்கறையாகவும் கேட்கலாம். அக்கறையாகக் கேட்கிறவர் விடையைக் கேட்டதும் முகத்தில் வருத்தம் காட்டுவார், இவரோ எங்கேயோ குறித்துவைத்துக்கொள்கிறவர் மாதிரி தேய்த்துக்கொண்டே இருப்பார். ரசத்துல பெருங்காயம் போட்டியா கண்ணு? போட்டேனே. மூக்குக்கிட்ட வெச்சுப் பாரு, வாசம் வருதா? வரலைங்க, சளி பிடிச்சிருக்கும். ஆமா ஆமா, சளிதான். இந்த நோயில் முதலில் போவது மோப்பம்தான் என்று மேடைக்கு மேடை சொல்கிறவர். ரேஸ்கோர்ஸில் காலை நடையின்போது எப்போதும் முன்னால் போகிறவர் அந்த வருஷம் பின்னால் வரத் தொடங்கினார். என்னங்க ஆச்சு, காலு வலிக்குதா என்று இவள் திரும்பிக் கேட்டதற்கு, நீ போ, நான் வரேன் என்றார். இவளுக்கு உள்ளூரப் பெருமை, கிழவரை ஜெயித்துவிட்டோமென்று. வலது கை வீசாமல் உடம்போடு ஒட்டிக்கொண்டு போவதைப் பின்னாலிருந்து பார்த்தால்தானே தெரியும். ஐயோ சாமி. அப்படியெல்லாம் இருக்காது. அறுபது வயசுக்காரர், முட்டி வலியாக இருக்கும், பின்னால்தான் வருவார். ஒன்றை நல்லதென்று எடுத்து வைத்தால் அடுத்தது அதைத் தட்டிவிடுகிறது, அதைக் கெட்டதென்று எடுத்து வைத்தால் எண்ணெய்க் கையின் சூடு குறுக்கே வந்து நிற்கிறது. அந்த ஆகஸ்டிலிருந்து இந்த மூன்று வருஷமும் இப்படியே இரண்டு இரண்டாக நிற்கின்றன. ஒரே படுக்கை, ஒரே ரசம், ஒரே நடை, அவருக்குத் தெரிந்திருந்தால் ஒன்று, தெரியாதிருந்தால் வேறொன்று. எது தன் வாழ்க்கை என்று அவளுக்குத் தெரிய வேண்டும். வேறெதுவும் வேண்டாம், மருந்து கண்டுபிடிக்க வேண்டாம், நோய் போக வேண்டாம், அது மட்டும் தெரிந்தால் போதும். டாக்டர் நோயின் பேரைச் சொன்ன அன்று இவள் வீட்டில் இடிந்துபோய்க் கிடந்தபோது இவர் எவ்வளவு நிதானமாக இருந்தார். எல்லோரும் அழுதார்கள், பெங்களூரிலிருந்து மகள் போனிலேயே அழுதாள், இவர் மட்டும் மாத்திரைக்கு அலாரம் வைத்தார், குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி அடித்தார். என்ன தைரியம் என்று கும்பிட்டாள். தைரியமா அது? அவர் அழவேண்டியதையெல்லாம் முன்னாலேயே தனியாக அழுது முடித்திருந்தால்? அல்லது அழவே இல்லாமல் அடுத்த ஆறு மாசப் புள்ளிக்காகக் காத்திருந்தால்? மருந்து தொடாத கை. இவர் சாப்பாட்டு மேசையில் எத்தனை முறை சொல்லியிருக்கிறார், ஆஸ்பத்திரிக்கு வர்றவங்க எல்லாம் மாத்திரை ஆரம்பிச்சுட்டு வர்றாங்க, மருந்து தொடாத கை ஒண்ணு, ஆரம்பத்துல இருந்து, ரெண்டு வருசத்துக்குத் தொடர்ச்சியாக் கெடச்சா அது தங்கம் வேணி என்று. அவள் அந்தத் தங்கத்தால்தான் அப்போது அவருக்கு மோர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

ஒரு தடவைகூட இந்தப் பக்கம் பார்க்கவில்லை. எப்போதும் பேச்சுக்கு நடுவில் முன்வரிசையில் அவளைத் தேடிப் பிடித்து ஒரு பார்வை பார்ப்பார், இன்றைக்கு அந்தச் சத்தம் வந்ததிலிருந்து பார்க்கவில்லை. சத்தத்தைப் போட்டது மாணவி பெனாசிராகத்தான் இருக்க வேண்டும், காதில் விழுந்தால் ஜனங்களுக்குப் புரியும் சார் என்று ஆசையாகச் செய்திருப்பாள், அந்தப் பெண்ணுக்கு ஏழு வெறும் ஏழுதான். இவரோ ஒரு நிமிஷத் தட்டலை வைத்து ஒரு மனுசி தன்னைத்தானே அடையாளம் கண்டுகொள்வாள் என்று நினைத்தே பார்த்திருக்க மாட்டார். அவர் மாடலுக்கு அந்த நிறுத்தம் தெரியாது, அது குப்பை என்று வடிகட்டிவிட்டுத்தான் கணக்கையே ஆரம்பிக்கும். பேச்சு முடிந்ததும் நோயாளி பக்கத்திலிருந்து இரண்டு வார்த்தை என்று இவளைத்தான் அழைக்கப்போகிறார்கள். என்ன சொல்ல வேண்டும் என்று ஒரு வாரமாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறார். "எனக்கு லேட்டாத்தான் தெரிஞ்சுது, இந்த மாதிரி மாடல் அன்னைக்கே இருந்திருந்தா நான் இத்தன கஷ்டப்பட்டிருக்க மாட்டேன்னு சொல்லு கண்ணு, அது போதும், ஜனங்களுக்குப் போய்ச் சேர்ந்துரும்." நிலைக்கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்த்தாளே, லேட்டாத்தான் தெரிஞ்சுது என்ற இடத்தில் குரல் தழுதழுக்கிறது, பரவாயில்லை, நல்லாருக்கு என்றாரே. எந்த வாயால் சொன்னார். எழுந்து போய்விடலாமா என்று பார்த்தாள். போவதென்றால் யாராவது கை கொடுக்க வேண்டும், மாத்திரையின் வேகம் இறங்குகிற நேரம், கால் தரையோடு ஒட்டிக்கொள்ளும், அப்போது அவர்தான் மேடையிலிருந்து ஓடி வருவார். வந்து, இடது காலை எடு கண்ணு, ம், வா என்பார். அவர் கை பட்டால் கால் நகரும். இதில் அதுதான் பெரிய கேவலம். நாளைக்குக் காலையில் ஜாக்கெட் கொக்கி போட்டுவிட அவர்தான் வேண்டும், ராத்திரி புரண்டு படுக்க அவர்தான் வேண்டும், அவரைப் பகைத்துக்கொண்டு எங்கே போவாள், பெங்களூரில் மகளுக்கு இரண்டாவது மாடி, லிஃப்ட் கிடையாது. பேசாமல் இரு. கேட்காதே. கேட்காதவரைக்கும் எண்ணெய் எண்ணெயாகவே இருக்கும், கண்ணாடி கண்ணாடியாகவே இருக்கும். ஆனால் கேட்காமல் இருந்தால் இனிமேல் அந்தக் கை தோளில் படும்போதெல்லாம் என்ன செய்வாள்? இதுவும் ஒரு புள்ளியா, இதுவும் ஒரு புள்ளியா என்று எண்ணிக்கொண்டே படுத்திருப்பாளா? பிரேக்கைப் போட்டுவிட்டு வண்டியில் உட்கார்ந்திருக்கிறாய் என்று யாரும் சொல்லாததால், நான்தான் சரியாக மிதிக்கவில்லை போல என்று இரண்டு வருஷம் மிதித்து மிதித்துச் செத்தாளே, ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மிதிப்பதை நிறுத்தியிருப்பாளே. அவரிடம் ஒரே ஒரு பதில்தான் வேண்டும். பின்னாலதான் தெரிஞ்சுது. அவ்வளவுதான். அப்படிச் சொன்னால் அவர் மாடலுக்குக் கொஞ்சம் மரியாதை குறையும், அது அவளுக்கும் தெரியும். நடந்து முடிஞ்ச பிறகு எல்லாரும் ஜோசியந்தான், நடக்கறதுக்கு முன்னாடி சொல்றதுக்குத்தான் மாடல் என்பார் அடிக்கடி. குறையட்டுமே. பத்து வருஷ மாடலுக்கு ஒரு சுற்றுக் குறைந்தால் என்ன, முப்பத்துநாலு வருஷப் பெண்டாட்டிக்கு அது போதுமே.

கைதட்டல் வந்து ஓய்ந்தது. பெனாசிர் மைக்கோடு வந்து குனிந்து, "எந்திரிக்க வேணாம் மேம், உக்காந்தே பேசுங்க," என்றாள். நனைந்த புடவையைப் பார்த்து, துடைக்கட்டுமா என்றாள். வேண்டாம் என்று தலையசைத்துவிட்டு வேணி மைக்கை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். இப்போதுதான் சென்னியப்பன் அவளைப் பார்த்தார். ம், சொல்லு என்று கண்ணாலேயே தைரியம் சொன்னார், பள்ளிக்கூட ஆண்டுவிழாவில் மேடையேறுகிற குழந்தையைப் பார்க்கிற அப்பன் மாதிரி. அந்தப் பார்வையில் கள்ளம் எதுவும் தெரியவில்லை, அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. "வணக்கமுங்க," என்றாள். எழுத்துக்குச் சேர்த்தியாகக் குரலும் இப்போது சிறுத்துப்போய்விட்டது, மைக்தான் அதை நாலு பேருக்குக் கேட்கிற அளவுக்கு ஆக்கியது. "எனக்கு ஒரு சந்தேகமுங்க. அந்த ஏழாம் நம்பர். அவங்களுக்கு இது வருதுன்னு நீங்க அப்பவே பார்த்தீங்களா? இல்ல, எல்லாம் ஆனதுக்கப்புறம் பழைய பதிவை ஓட்டிப் பார்க்கறப்பத் தெரிஞ்சுதுங்களா?" சென்னியப்பன் முகத்திலிருந்து சிரிப்பு போக நேரம் எடுத்தது. போன பிறகு அந்த இடத்தில் ஒன்றும் வரவில்லை. அவருக்குப் புரிந்துவிட்டது என்று அவளுக்குப் புரிந்தது. மேசையைப் பிடித்துக்கொண்டார். சொல்லுங்க, அப்புறந்தான் தெரிஞ்சுதுன்னு சொல்லுங்க. பொய்யாவது சொல்லுங்க, நான் நம்பிக்கறேன், வீட்டுக்குக் கொண்டுபோய் அதை வெச்சுப் பொழச்சுக்கறேன். மைக்கைப் பிடித்திருந்த விரல்கள் வலித்தன. பின்வரிசையிலிருந்து யாரோ ஒரு டாக்டர் உரக்க, "அதானே, அருமையான கேள்வி. அதுலதான் சார் எல்லாமே இருக்குது," என்றார். அந்தக் குரல் கேட்டதும் சென்னியப்பனின் முதுகு நிமிர்ந்தது. வெளியூர் ஆட்கள் அவர் கணக்கில் குறை சொல்ல வரும்போது அவர் முகம் எப்படி இறுகுமோ அப்படி இறுகியது. "அப்பவே தெரியுமுங்க," என்றார். கேட்டவர் யாரோ எவரோ என்பது மாதிரி, முழு மரியாதையோடு. "அந்த நாலாவது பதிவு முடிஞ்ச அன்னைக்குச் சாயங்காலமே பார்த்துட்டோமுங்க. சந்தேகமே இல்ல. பின்னால சேர்த்தது எதுவும் இல்லீங்க." பின்வரிசை டாக்டர் பலமாகத் தட்ட, அவரைப் பார்த்து மாணவர்கள் தட்ட, அரங்கமே தட்டியது, இதுவரை தட்டியதிலேயே இதுதான் பெரிது. அவ்வளவுதான். வேணிக்கு அழுகை வரவில்லை, எல்லாம் ஒரு பக்கமாகச் சரிந்து நின்றது, இனி இரண்டு இரண்டாகப் பார்க்க வேண்டியதில்லை. சென்னியப்பன் கைதட்டலுக்கு நடுவில் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார், ஏதோ சொல்ல வருகிறவர் மாதிரி, ஆனால் அது மேடையில் சொல்கிற விஷயம் இல்லை போலிருக்கிறது. தட்டல் அடங்கியபோது பொள்ளாச்சி அம்மாள் வேணியின் முழங்கையைத் தொட்டாள். "நல்லாக் கேட்டீங்க போங்க. ஆனா எனக்கு என்னன்னா, அந்த ஏழாம் நம்பர் அம்மா பாவம், அதுகிட்ட யாராச்சும் சொன்னாங்களாமா? இப்ப எப்பிடி இருக்குதாமா அது?" வேணி அவளைப் பார்த்தாள். இத்தனை பேர் உட்கார்ந்திருந்த அரங்கத்தில் அதைக் கேட்க வேண்டும் என்று இவளுக்குத்தான் தோன்றியிருக்கிறது.

"நாந்தாங்க அது," என்றாள் வேணி.

மைக் இன்னும் அவள் கையில்தான் இருந்தது.